இரண்டாவது வாளி

சித்திரை வருடப் பிறப்பு லீவு முடிந்து கடை திறந்த அன்றே ஜனகன் ஆறு தக்காளிக் கன்றுகளோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். துணிக்கடை பிலிமத்தலாவையில், வீடு பல்லேகலையில். அத்தனை தூரமும் பஸ்ஸில் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பக்கத்தில் நெருங்கவிடாமல் வந்திருக்கிறான். சட்டை முழுக்க மண்.

“இனிமே இந்த வீட்டுக்குத் தக்காளி வாங்கக் கூடாது,” என்றான் மனைவியிடம். “ஆனா ஒண்ணு. நீ இதுல கை வைக்காத. உன் ரோஜா என்னாச்சு, ஓர்க்கிட் என்னாச்சுன்னு எனக்குத் தெரியும்.”

பிரேமிளா மாநகர சபையில் கிளார்க். இருபது வருசமாக ஊரின் விண்ணப்பங்களையெல்லாம் கட்டிக் காப்பவளுக்கு ஆறு செடியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதாம்.

“நான் தொடவே மாட்டேன், போதுமா?” என்றாள். சொன்னபோது அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றே நாள்தான். ஜனகன் காலை ஆறு மணிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஆறரை பஸ்ஸுக்கு ஓடுவான். அந்த அவசரத்தில் ஊற்றுவது எந்த மூலைக்குப் போதும்? பாவம், வாயில்லாச் செடி என்று பிரேமிளா ஏழு மணிக்கு இன்னொரு வாளி ஊற்றினாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஒரு வாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வெளியே போகிற நேரம் பார்த்து, மீன் கழுவிய தண்ணீரும்.

இதெதுவும் ஜனகனுக்குத் தெரியாது. இருட்டுகிற நேரம் வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பான்; ஈரமாகவே இருக்கும். “பாத்தியா, நம்ம மண்ணு தண்ணியப் பிடிச்சு வச்சிக்குது!” என்று பூரித்துப்போய், அந்தச் சந்தோசத்தில் தானும் ஒரு வாளி ஊற்றுவான். புடவை எடுக்க வந்தவர்களுக்குக்கூட பல்லேகலை மண்ணின் மகிமையை எடுத்துச் சொன்னான். பாதிப் பிலிமத்தலாவைக்கு அது மனப்பாடம்.

செடிகள் தோளுயரம் வளர்ந்தன. இலையோ கரும்பச்சை. பூவும் பூத்தது, பூத்தது பாதி கொட்டிப்போனது. தப்பிப் பிடித்த காய்களுக்கு அடிப்பக்கம் கறுத்து, தோல் அமுங்கிப்போனது.

“சத்துப் பத்தலை,” என்று ஜனகன் இன்னும் ஒரு பிடி யூரியா போட்டான்.

பிரேமிளாவின் சந்தேகம் வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம் பஸீஹா டீச்சர் வீடு; அவர் முற்றத்திலும் தக்காளி உண்டு. டீச்சரின் மாடி ஜன்னல் நேரே தக்காளிப் பாத்தியைத்தான் பார்க்கும். தினமும் காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கே நின்று டீச்சர் சிரிப்பதை அவளே பார்த்திருக்கிறாள். கண்ணூறு என்றால் இதுதானே? ஒரு பழைய சட்டிக்குச் சுண்ணாம்புப் புள்ளி வைத்து, முழியும் பல்லும் வரைந்து, கம்பில் கவிழ்த்து ஜன்னலைப் பார்க்க நட்டுவைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி. ஜனகன் போயாகிவிட்டது. பிரேமிளா வாளியோடு குனிந்தபோது மதிலுக்கு மேலே டீச்சரின் தலை.

“பிரேமிளா, அந்தச் சட்டி எனக்கா?”

பிரேமிளாவுக்கு முகம் சிவந்தது. “ஐயோ, இல்ல டீச்சர், அது... குரங்குக்கு.”

“குரங்கு எங்கட ரூம்லயா ஈக்கி?” டீச்சர் சிரித்தார். “சரி, அது போகட்டும். ஆறு மணிக்கு அவரு ஒரு வாளி. ஏழு மணிக்கு நீங்க ஒரு வாளி. பின்னேரம் நீங்க. பொறகு திரும்ப அவரு. நானும் ரெண்டு மாசமாப் பாத்துச் சிரிச்சிக்கிட்டு ஈக்கன். அது தக்காளியா, தாமரையா?”

பிரேமிளா வாளியைக் கீழே வைத்தாள்.

“வேரு மூச்சு விட ஏலாமத் தவிக்குது. அதான் காய்க்கு அடி கறுக்குது. யூரியாவும் கூடிப்போனா இலைதான் வரும். விரல மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. மண்ணுல படுற இலையெல்லாம் வெட்டிடுங்க.”

“இத முந்தியே சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“ரெண்டு பேரும் களவா என்னமோ செய்றீங்க. நடுவுல நான் என்னத்துக்கு?”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பிரேமிளா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள், மீன் தண்ணீர் உட்பட. ஜனகன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தான். காய் கெட்டதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

“அப்ப... மண்ணு தண்ணியப் பிடிச்சு வைக்கலையா?”

“இல்லைங்க.”

“கடைக்கு வந்த விவசாயப் போதனாசிரியர்கிட்டயே சொல்லிட்டேனே!”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து பிரேமிளாவுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீரை எடுத்துக் கொடுத்தவனும் கடைசியில் சிரித்தான்.

அடுத்த நாளிலிருந்து யூரியா நின்றது. விரல் விட்டுப் பார்க்காமல் யாரும் வாளியைத் தொடவில்லை. பார்ப்பது யார் என்றுதான் தினமும் சண்டை. இரண்டு செடி தேறவில்லை. மற்ற நான்கும் புதிதாகப் பூத்து, பூ நின்று, அடி கறுக்காத காய் விட்டன.

ஆடி முடியும்போது ஒரே நாளில் இருபத்திரண்டு பழம் பறித்தார்கள். பிரேமிளா முதல் பத்தைப் பாத்திரத்தில் எடுத்து மதிலுக்கு மேலே நீட்டினாள். டீச்சர் ஒன்றைத் துடைத்து அங்கேயே கடித்தார். ஜனகனும் பிரேமிளாவும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

“நல்லாத்தான் ஈக்கி,” என்றார் டீச்சர். “ஆனா எங்கட பழத்துட இனிப்பு இதுல இல்ல.”

ஜனகனுக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரம் முற்றத்தில் நடந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, டீச்சர் வீட்டுக்கே விதை கேட்கப் போனான்.