குளிசை போட்ட வரவேற்புரை

1

இந்தக் கதை ஒரு தூக்கத்தில் பிறந்தது. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரிக்கு இதயம் பார்க்கும் மிஷின் வந்த விழா. எண்பதாம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு டொக்டர் இதயத்தின் மின்சாரம் பற்றிப் பேச, பின்வரிசையில் நான் கண்ணயர்ந்தேன். விழித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். நடுவில் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "மானுட இதயம் என்னும் ஆழ்கடலில்..." (அடித்துவிட்டேன். லுணுகலையில் கடல் இல்லை.)

இரண்டாவது: "இத்ரூஸ் முதலாளிக்கு மேடை என்றால் உயிர், மைக்கைக் கண்டாலோ..." (முடித்தால் கதையே வெளியே வந்துவிடும்.)

மூன்றாவதைக் காமிலாவிடம் விட்டுவிடுகிறேன்.

2

காமிலா, இத்ரூஸ் முதலாளியின் மனைவி. பெண்கள் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் இராக்கம்மா. கொழுந்து பறிப்பவள், அவர்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. மேடையில் இத்ரூஸ் வரவேற்புரையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமாக 'தலைவர் அவர்களே'க்கும் 'பெரியோர்களே'க்கும் நடுவில் அவருக்கு ஒரு சோடா வேண்டும். இன்று குரல் நடுங்கவேயில்லை.

"மொதலாளி இன்னைக்கி நல்லாப் பேசுனாருங்க."

"பேசாம என்ன? எண்ட நெஞ்சுக் குளிசையில ரெண்டப் போட்டுட்டு வந்தீக்கிறார். ஒரே வீட்டுக் குளிசதானே, எனக்குப் படபடப்பு அடங்கினா அவருக்கும் அடங்குமாம்."

"நல்லவேள, ஒரே வீட்டுச் சேலன்னு கட்டிக்கிட்டு வரலயே."

(கொழும்பிலிருந்து வந்த டொக்டர் தம்பையாமீது எனக்குச் சந்தேகம். இவ்வளவு நீளமாகப் பேசும் மனிதர் உண்டா? உண்டு. பேச்சில் கால்வாசி அவருடைய பட்டங்கள்.)

3

டொக்டர் தம்பையா பேசினார். மூடுபனியும் அழைப்பிதழ் இல்லாமலே மண்டபத்துக்குள் வந்து அமர்ந்தது.

"இதயத் தசைக் கலம் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் வாங்கிகள் உள்ளன. நாம் அஞ்சும்போது அதிரினலின் வந்து அவற்றில் அமரும். உள்ளே செய்தி போகும். கல்சியக் கதவுகள் மேலும் திறக்கும். மின்னோட்டம் பெருகும். இதயம் பாயும். படபடப்பை அடக்கும் குளிசையோ அந்த இடத்தில் முந்திப் போய் அமர்ந்துகொள்ளும்."

காமிலாவின் கண்கள் சொருகின. கலங்கள் தோட்டத்து லயங்களாயின. முடிவில்லாத வரிசையில் ஒற்றையறைக் காம்பிராக்கள். கதவு திறக்கும், வெண்பனி உள்ளே வழியும், ஒரு காம்பிரா துடிக்கும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. வாசலில் குந்துவதற்கு யாரோ வந்து நிற்கிறார்கள், இடமில்லை. லுணுகலை பஸ்ஸில் ஜன்னலால் கை துடைக்கும் லேஞ்சை எறிந்து சீட்டுப் பிடிப்பார்களே, அதுபோல அவளுடைய குளிசை எல்லா இடங்களிலும் லேஞ்சு போட்டுவிட்டது. பாவம், அதிரினலின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறது. காமிலா தூக்கத்தில் சிரித்தாள்.

"இவற்றுக்கு உறவான வாங்கிகள்," என்றது எங்கோ தொலைவில் ஒலிபெருக்கி, "சுவாசக் குழாய்களிலும் உண்டு. அங்கே அதிரினலின் அமர்ந்தால் குழாய் விரியும். ஆகவே மூச்சிழுப்பு நோயாளி இந்தக் குளிசையை உட்கொண்டால்..."

(வாக்கியத்தை டொக்டர் அழகாக முடித்தார். காமிலா அதுவரை காத்திருக்கவில்லை. இத்ரூஸுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு.)

4

"அம்மா, மொதலாளிக்கு மூச்சு முட்டுதுங்க," என்றாள் இராக்கம்மா.

இத்ரூஸ் கதிரைக் கைகளை இறுகப் பிடித்திருந்தார். மார்பின் மாலை ஏறி ஏறி இறங்கியது. தன் பேச்சில் ஒருவர் இப்படி உருகுவதைக் கண்ட டொக்டர் குரலை உயர்த்தினார். காமிலா எழுந்தாள்.

"கேள்விகள் இறுதியில்," என்று கையமர்த்தினார் டொக்டர்.

ஒரு முடிவு: காமிலா அமர்கிறாள். (எழுதிப் பார்த்தேன். அமர மாட்டேன் என்கிறாள்.)

இன்னொன்று: மூடுபனி மேடையை மூடுகிறது, விலகும்போது இத்ரூஸ் சிரித்தபடி நன்றியுரை... (கனவுக்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.)

பெண்கள் ஏறாத அந்த மேடையில் ஏறிக் காமிலா மைக்கைப் பிடுங்கினாள்.

"டொக்டர், பேச்ச நிப்பாட்டுங்க. இவருக்கு இழுப்பு ஈக்கி. நீங்க சொன்ன அதே குளிசயப் போட்டீக்கிறார்."

டொக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அடுத்த வரி, 'கைதட்டலுக்கு நிறுத்துக.'

5

ஆஸ்பத்திரியிலிருந்து தட்டு வந்தது. அதில் இரண்டு மருந்துக் குப்பிகள். ஒன்று அதிரினலின், இழுப்பு என்றதும் டொக்டர்மாரின் கை பழக்கத்தில் தானாகப் போவது அதற்குத்தான். ஆனால் அது அமர வேண்டிய இடத்தில்தான் குளிசை அமர்ந்திருக்கிறதே. மற்றது அமினோபிலின், அதற்கு வாங்கியின் தயவு வேண்டாம், வேறு வழியால் குழாயைத் தளர்த்தும்.

இத்ரூஸின் உதடுகள் நீலம் பூத்திருந்தன. காமிலா அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நல்லாப்... பேசினேனா?"

"நல்லாத்தான் பேசினீங்க. இப்ப பேசாம மூச்ச எடுங்க."

டொக்டர் ஊசியோடு குனிந்தார். தன் பேச்சை அவரும் கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் கேட்டீர்கள். அவர் கை தட்டுக்கு மேலே நிற்கிறது. எந்தக் குப்பி என்று சொல்லுங்கள், சீக்கிரம்.