பயமாக இருந்தால் அமுக்கவும்

முதியோர் உதவி மையத்திலிருந்து வந்த பெண், சிவப்பு பட்டன் ஒன்றைக் கயிற்றில் கோத்து வயதான மெக்கானிக் ஒருவரின் மனைவி கழுத்தில் மாட்டிவிட்டாள். கூடத்து அலமாரியின் மேல் ஒரு சிறிய பெட்டியை வைத்தாள். பட்டனை அமுக்கினால் அந்தப் பெட்டி வழியாக மையத்திலிருந்து யாராவது பேசுவார்கள். வேண்டுமென்றால் ஆளும் அனுப்புவார்கள்.

"நீங்களும் ஒண்ணு மாட்டிக்கோங்க அங்கிள். வீட்டுக்கு ரெண்டு தரலாம்."

"நான் லிஃப்ட் மெக்கானிக்கும்மா. ஆயுசு முழுக்க லிஃப்டுக்கெல்லாம் மணி வச்சுக்கொடுத்தவன். என் கழுத்துலயே மணி கட்டறியா? நான் என்ன மாடா?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் மனைவியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். ஞாபகம் கரைந்து கரைந்து, கணவரையே பாதி நாள் தன் அண்ணன் என்று நினைக்கும் நிலைக்கு அவள் வந்திருந்தாள். முதலில் அவர் திருத்திப் பார்த்தார். திருத்தினால் அழுதாள். பிறகு அண்ணனாகவே இருந்து பழகிக்கொண்டார்.

பட்டனை எப்போது அமுக்குவது என்று அவளுக்குப் பதிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. விழுந்தால் என்று சொன்னாள் மையத்துப் பெண். மனதில் நிற்கவில்லை. வலித்தால் என்று சொன்னாள். அதுவும் நிற்கவில்லை. "பயமா இருந்தா அமுக்குங்கம்மா" என்றது மட்டும் எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும், "எப்பம்மா அமுக்கணும்?" என்று கேட்பாள். "பயமா இருந்தா" என்று பள்ளிக்கூடப் பிள்ளைபோல் பதில் வரும்.

மெக்கானிக்கின் பயம் வேறு. வாசலைத் தாண்டினால் பேருந்தும் லாரியும் ஓயாத சாலை. ஒருநாள் கதவு திறந்திருந்த வேளையில் இறங்கிப் போனவளை, சாலை நடுவில் கை நீட்டி யாரோ இழுத்துக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அன்று காலை குப்பையைக் கொட்டிவிட்டு வந்தார். கையெல்லாம் பிசுக்கு. இந்தக் கையால் சாவியைத் தொடுவானேன், கழுவிவிட்டு வந்து பூட்டிக்கொள்ளலாம் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. விழுந்தபோது இடுப்பில் ஏதோ முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. எழ முயன்றார். வலது கால் அவருடையதாகவே இல்லை.

சத்தம் கேட்டு அவள் வந்து நின்றாள்.

"என்ன அண்ணே, இங்க படுத்திருக்கே?"

"வழுக்கிடுச்சும்மா. கழுத்துல இருக்கு பாரு, சிவப்பு பட்டன், அதை அமுக்கு."

அவள் பட்டனை எடுத்துப் பார்த்தாள். "இதா? இது என்னோடது. அந்தப் பொண்ணு எனக்குத்தான் கொடுத்துச்சு."

"உன்னோடதுதான். நீயே அமுக்கு."

"பயமா இருந்தாத்தான் அமுக்கணும்." பெருமையாகச் சொன்னாள். பிறகு உள்ளே போய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினாள். "ஈரத்துல படுக்காதே. சளி பிடிக்கும்."

கெஞ்சினார். விளையாட்டு காட்டினார். பட்டனை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். பறித்துக்கொள்வார் என்று நினைத்து அவள் விலகிக்கொண்டாள். அதற்குள் கூடத்தில் கதவு காற்றில் மெல்லத் திறந்து சுவரில் இடித்தது. சாலையின் இரைச்சல் வீட்டுக்குள் நுழைந்தது. அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

"கதவு திறந்திருக்கு அண்ணே. அம்மா வந்துட்டாங்க போல."

"போகாதே! இங்கேயே நில்லு!"

அவள் ஓர் அடி வைத்துவிட்டாள். இனி ஒரே வழிதான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் குரலை உயர்த்தாத மனிதர், பக்கத்தில் கிடந்த குவளையை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார்.

"ஏய்! நான் உன் அண்ணன் இல்லடி! எந்திரிச்சு வந்தேன், உன்னைக் கொன்னுடுவேன்!"

அவள் முகம் வெளுத்தது. உதடு கோணியது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை குவளையை அடித்தார். கண்ணைத் திறந்தபோது அவள் அங்கே இல்லை. கூடத்தில் பெட்டி கிணுகிணுத்தது. அமுக்கிவிட்டாள். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"உதவி மையம். சொல்லுங்கம்மா, என்ன ஆச்சு?" அவர்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் குரல் இல்லை. யாரோ புதியவள்.

"யாரோ ஒரு ஆள் வீட்டுக்குள்ள இருக்கான். கொன்னுடுவேன்ங்கறான்."

"ஐயோ! உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கார். லிஃப்ட் ரிப்பேருக்கு."

"நான்தாம்மா புருஷன்!" என்று குளியலறையிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். "விழுந்து கிடக்கேன்! அவளுக்கு ஞாபகம் இல்ல!" சாலையின் இரைச்சலில் பெட்டிவரை சொல் போய்ச் சேரவில்லை. ஓர் ஆண் கத்துவது மட்டும் சேர்ந்தது.

"கேக்குதும்மா, அவன் கத்தறது கேக்குது. பயப்படாதீங்க, ஆள் அனுப்பிட்டேன். வெளிக்கதவு எப்படி இருக்கு?"

"திறந்திருக்கு."

"நல்லதாப் போச்சு. நீங்க உள்ள நிக்காதீங்க. உடனே வெளிய போயிடுங்க."

அவர் கத்துவதை நிறுத்தினார். கத்தக் கத்த அவள் ஓடுவாள். மூச்சை அடக்கி, வலியை விழுங்கி, தினமும் பேசும் அந்தக் குரலைத் தேடி எடுத்தார்.

"தங்கச்சி... அண்ணன் இங்கதான் இருக்கேன். அண்ணன்கிட்ட வா கண்ணு. வெளிய போகாதே."

கூடத்தில் அவள் காலடி நின்றது. அவள் யோசிக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"எங்க அண்ணன் இப்படிக் கத்தமாட்டான்" என்றாள்.

செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு படி. இன்னொரு படி. பிறகு சாலையின் இரைச்சல் மட்டும்.

"வெளிய வந்துட்டீங்களாம்மா?" என்று கூடத்தில் பெட்டி அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மா? இப்ப பத்திரமா இருக்கீங்கல்ல?"