தோழி வேஷம் கட்டிய இளவரசி

அறிவுச்செல்வி எழுதிய நாடகத்தில் யாரும் அவரவராக இருப்பதில்லை. கிரீடத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இளவரசி பூங்கோதை தன் தோழியின் சேலையைக் கட்டிக்கொள்வாள். தோழி செண்பகம் கிரீடம் வைத்துச் சிம்மாசனத்தில் உட்காருவாள். பெண் பார்க்க வந்த பக்கத்து நாட்டு இளவரசனோ குதிரைக்காரன் வேஷத்தில் லாயத்தில் புல் போட்டுக்கொண்டிருப்பான். அவன் தோழி என்று நினைத்து இளவரசியைக் காதலிப்பான். மந்திரி மகன் இளவரசி என்று நினைத்துத் தோழியைக் காதலிப்பான். ஓலை மாறும், மோதிரம் மாறும். கடைசியில் அரசவையில் எல்லா வேஷமும் கலைய, செண்பகம் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்து இளவரசியின் காலில் விழுவாள்.

அந்தக் கடைசியில்தான் தகராறு வந்தது.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர். அறிவுச்செல்விக்குத் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, வீடு காலனியில். பூங்கோதையாக அவளே நடித்தாள். செண்பகமாக நடித்த சுகன்யா மெயின் தெருக்காரி. கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கம். சுகன்யாவின் அப்பா காமராஜ்தான் பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர். மேடை, பந்தல், மைக் செட் எல்லாம் அவர் பொறுப்பு. காலனிக்காரர்கள் அவரை அய்யா என்பார்கள். அறிவுச்செல்வி சார் என்பாள். அதுவே அவருக்குப் பிடிக்காது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை பார்க்க வந்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசிக் காட்சியில் சுகன்யா குனிந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"ஏய், நிறுத்து. இம்புட்டு நேரம் ராணியா இருந்த பிள்ள எதுக்கு வேலக்காரி ஆகுது?"

"அது மொதல்லருந்தே தோழிதான் சார். ராணி வேஷம் போட்டிருக்கு."

"மாத்திரு. ராணி ராணியாவே இருக்கட்டும். தோழி தோழியாவே இருக்கட்டும்."

"அப்ப அம்புட்டுப் பேரும் எதுக்கு வேஷம் போட்டாகன்னு சனம் கேக்குமே சார்?"

"எம் மக உன் கால்ல விழுகுறத ஊரு பாக்கணுமா? மாத்துனா மேடை உண்டு. இல்லாட்டி இல்ல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சுகன்யாவையும் கையோடு கூட்டிப் போனார்.

குதிரைக்கார இளவரசனாக நடித்த எலக்ட்ரீசியன் விக்னேஷ்குமார் சமாதானம் பேசிப் பார்த்தான். "ஒரு காட்சிதான அறிவு? கையெடுத்துக் கும்பிடுற மாதிரி வச்சுக்குவோம்."

"நாடகம் பூரா நான் அவ முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கிறேன். அதுல ஒண்ணையாச்சும் மாத்தச் சொன்னாரா? ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

மேடை போயிற்று. நாடகம் காலனி ரேஷன் கடை முன்னாலிருந்த சிமெண்டுத் தளத்துக்கு வந்தது. மாட்டுப் பொங்கலன்று பிற்பகல் மூன்று மணி. கயிற்றில் தொங்கிய இரண்டு போர்வைகள்தான் அரண்மனை. விக்னேஷ்குமார் எங்கிருந்தோ ஒரு மைக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்தான். சுகன்யாவின் போன் அணைந்தே கிடந்தது.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே நெற்றிச்சுட்டி.

"வாசக்கதவப் பூட்டிட்டு விழாவுக்குப் போயிட்டாக," என்றாள் சுகன்யா. "கொல்லக் கதவுக்குத் தாப்பா உள்பக்கம்ல?"

காலனி முழுக்கக் கூடியிருந்தது. மெயின் தெருக்காரர்கள் சிலர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தற்செயலாக நிற்பவர்களைப் போல நின்றார்கள். மந்திரி மகன் காதல் கவிதையை ஆள் தெரியாமல் குதிரையிடம் ஒப்பித்தபோது அவர்களும் சத்தமாகவே சிரித்தார்கள்.

கடைசிக் காட்சி தொடங்கியபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு காமராஜ் வந்தார்.

"சுகன்யா! எறங்கு கீழ!"

சிரிப்பு அடங்கியது. சுகன்யாவின் கை கிரீடத்தில் இருந்தது. அவள் மைக்கை விட்டு நகரவில்லை.

"நாடகம் இன்னும் முடியலப்பா. முடிச்சிட்டு வாரேன்."

பெட்டி இரண்டும் அதை ஊருக்கே சொன்னன. பெண்கள் பக்கமிருந்து யாரோ கை தட்டினார்கள். சுகன்யா அறிவுச்செல்வியிடம் திரும்பி, "இளவரசி, இத்தனை நாள் நான் சுமந்தது உங்கள் கிரீடம். தலை வலிக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்," என்று வசனத்தைச் சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

அறிவுச்செல்வியின் கை தானாக நீண்டது. ஒரு எழுத்து மாற்றமாட்டேன் என்றவள்தான். ஆனால் அவள் அப்பா அழகர் தேங்காய் வெட்டுவது காமராஜின் தோப்பில். தடுத்துத் தூக்கிவிட்டால் தகராறு முடிந்துவிடும் என்று தோன்றியது.

"பிடிக்காத," என்று உதடு அசையாமல் சொன்னாள் சுகன்யா.

அறிவுச்செல்வி கையை இழுத்துக்கொண்டாள். சுகன்யா நெற்றி சிமெண்டில் பட முழுசாக விழுந்தாள். எழுதியபடியே இரண்டு மூச்சு நேரம் நிமிர்ந்து நின்றாள் அறிவுச்செல்வி. அந்த இரண்டு மூச்சும் காமராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து தூக்கி, கட்டிக்கொண்டாள். அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை.

மறுநாளே அழகருக்கு ஆள் வந்தது; இனித் தோப்புப் பக்கம் வர வேண்டாம் என்று. பத்தொன்பது வருஷ வேலை. அறிவுச்செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"மூஞ்சிய ஏன்த்தா இப்படி வச்சிருக்க?" என்றார் அழகர், அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டே. "அவுக தோப்புல மட்டுமா தேங்கா காய்க்குது?" தாடிக்கொம்புப் பக்கம் ஒரு தோப்பில் வேலை கேட்டுப் போனார். தூரம் அதிகம், கூலி குறைவு. ஆனாலும் திரும்பிப் போய்க் காமராஜிடம் நிற்கவில்லை.

காமராஜ் மாசி முடியும்வரை மகளோடு பேசவில்லை. சுகன்யாவும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சித்திரையில் எரியோட்டிலிருந்து ஓர் இளைஞர் மன்றம் நாடகத்துக்குக் கூப்பிட்டது. ஸ்பீக்கர் போனில் எல்லாம் பேசி முடித்த பிறகு மன்றத்து ஆள் குரலைத் தணித்து, "அந்தக் கால்ல விழுகுற சீனு மட்டும் வேணாமே," என்றார். அறிவுச்செல்வி வாயைத் திறக்குமுன் சுகன்யா போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, விழுகுறது நானு. எனக்கே சங்கடமில்ல, உங்களுக்கு என்ன? அது இருந்தா வாரோம், இல்லாட்டி வரல."

எத்தனை மணி பஸ்ஸுக்கு வருவீர்கள் என்று அந்த ஆள் கேட்டார்.