கம்பியில் ஏறிய கரண்ட்

தில்லையம்மாள் வண்டிப் படியருகில் இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்தாள். அவ்வளவுதான். வாயிலிருந்து சத்தம்கூட வரவில்லை. உடம்பு ஒரு உதறு உதறி, சேற்றில் மல்லாந்து விழுந்தாள். வரிசையில் நின்றவர்கள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீருக்கு ஓடினார்கள்.

ஜான்சிக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. “யாரும் வண்டியத் தொடாதீங்க” என்று கத்திக்கொண்டே வகுப்பறைக்குள் ஓடி, அங்கிருந்து வண்டிக்கு லைன் எடுத்திருந்த பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

அது கடலூர் அறக்கட்டளை ஒன்றின் மருத்துவ வண்டி. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் டிரெய்லர். உள்ளே கட்டில், இன்சுலின் வைக்கச் சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாம் உண்டு. டிப்ளமோ முடித்த ஜான்சிதான் அதன் கரண்டு வேலைக்குப் பொறுப்பு. ஜீப் ஓட்டுவது அவள் புருஷன் சேரன். 2010 ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த அந்தக் காலையில், சிதம்பரத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சர்க்கரை நோய் முகாம்.

டாக்டர் வினோதினி தில்லையம்மாளை வராண்டாவில் படுக்க வைத்து நாடி பார்த்தார். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. “உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஆஸ்பத்திரியில ஒரு ஈசிஜி எடுத்துடணும்” என்றார். அந்த அம்மாளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஜான்சி வண்டிக்குள் போனாள்.

சுவரில் இருந்த மின்பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஆளுக்கு ஷாக் அடித்தால் அந்த நொடியே லைனை வெட்டிவிட வேண்டிய ட்ரிப்பர் அதில் சும்மா உட்கார்ந்திருந்தது. அதற்குள் போகவேண்டிய வயர்களைக் கழற்றி, நேருக்கு நேர் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். போன வாரம் அவள் பார்த்தபோது அது ஒழுங்காக இருந்தது. நேற்று நெல்லிக்குப்பம் முகாமுக்கு மட்டும்தான் அவள் வரவில்லை.

“மாமா, இங்க வா.”

சேரன் வாசலில் வந்து நின்றான். பெட்டியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீயா பண்ணுன?”

“நேத்து அந்த ட்ரிப்பர் சும்மா சும்மா வுழுந்துக்கிட்டே இருந்துச்சி ஜான்சி. ஃபிரிட்ஜ் நின்னு போச்சி. மணவாளன் சார் கூட்டத்துக்கு முன்னாடி கத்துனாரு. நான் என்னா பண்ணட்டும்?”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். எங்கயோ கரண்டு லீக் ஆவுதுன்னுதான அது வுழுவுது? வலிக்குதுன்னு கத்துறவன் வாயில துணிய அடைச்ச மாதிரி அடைச்சி வச்சிருக்கற.”

அவன் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் கையிலிருந்த குறடை வீசியிருப்பாள்.

அதற்குள் அறக்கட்டளைச் செயலாளர் மணவாளன் குடையோடு வந்தார். “என்னம்மா, முடிஞ்சிதா? முகாமப் பாக்க கடலூர்லேருந்து அதிகாரி கெளம்பிட்டாரு. லைனப் போடு. எல்லாரையும் செருப்போட ஏறச் சொல்லிக்கலாம்.”

ஜான்சி படியிறங்கி அவர் எதிரில் நின்றாள். “சரி சார். மொதல்ல நீங்க செருப்பக் கழட்டிட்டு இந்தக் கம்பியப் புடிங்க. நான் லைன் போடறேன்.”

மணவாளன் கம்பியைப் பார்த்தார், காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். “மரியாதையா பேசு” என்றார்.

“மரியாதை அந்தம்மாவுக்குக் குடுத்திருக்கணும்.”

டாக்டர் குறுக்கே வந்து, வண்டி சரியாகும்வரை வராண்டாவில் பெஞ்சு போட்டு ரத்தம் எடுக்கலாம் என்றார். மணவாளன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துபோனார்.

வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, ரப்பர் செருப்போடு ஜான்சி வேலையைத் தொடங்கினாள். சேரன் பிளக்கைச் செருகினான். வண்டித் தகரத்தில் டெஸ்டரை வைத்தாள்; எரிந்தது. ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கச் சொல்லி ஒரு வயரைக் கழற்றி, திரும்பச் செருகச் சொல்லிப் பார்த்தாள். விளக்கு வயரைக் கழற்றினாலும் எரிந்தது, ஃபேன் வயரைக் கழற்றினாலும் எரிந்தது. ஃபிரிட்ஜுக்குப் போகும் வயரைக் கழற்றியதும்தான் அணைந்தது. லைனை நிறுத்தச் சொல்லி ஃபிரிட்ஜை நகர்த்தினாள். தகரத்து ஓட்டை வழியே வரும் வயர், குலுங்கிக் குலுங்கி அறுபட்டு, செம்பு பல்லிளித்துக்கொண்டிருந்தது. ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் போட்டிருந்தால் இந்த வினையே இல்லை.

புது வயர் இழுத்தாள், ரப்பர் போட்டாள், ட்ரிப்பரைத் திரும்ப இணைத்தாள். பள்ளிக்கூடத்துப் பிளக்கில், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கவேண்டிய எர்த்தும் செத்துக் கிடந்தது. கடப்பாரையை ஈர மண்ணில் அடித்து, வண்டியிலிருந்து அதற்குக் கம்பி கட்டினாள். லைன் போட்டதும் ட்ரிப்பரின் டெஸ்ட் பொத்தானை அழுத்த, டக்கென்று விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்து, பிறகு எல்லோரும் பார்க்க வெறுங்காலோடு படிக் கம்பியைப் பிடித்து ஏறினாள். அதற்குப் பிறகும் பாதிப் பேர் வராண்டாவிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

சாயங்காலம் ஜீப்பில் ஏறாமல் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தில்லையம்மாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். ஈசிஜி நன்றாக இருப்பதாக நர்ஸ் சொன்னாள்.

“ஒங்க வண்டிக்கு இனிமே நான் வரமாட்டேம்மா” என்றாள் தில்லையம்மாள்.

“வராதீங்க. டாக்டரம்மாவ ஒங்க வூட்டுக்கே அழைச்சாறேன்.”

வெளியே ஜீப்பை நிறுத்திவிட்டுச் சேரன் காத்திருந்தான். “மன்னிச்சிடு” என்றான்.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற? உள்ள போயி அந்தம்மாகிட்ட சொல்லு. நீதான் பண்ணுனன்னு சொல்லு.”

அவன் தயங்கி நின்றான். அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தான். அப்போதும் அவள் கோபம் குறையவில்லை. கடலூர் பஸ்ஸில் தனியாகவே ஏறினாள்.