தூசு நகராது

மூன்றாவது பிரிண்டிலும் புள்ளி விழுந்திருந்தது.

செங்கம் ரோட்டு பிரிண்டிங் கடையில், மேசைமேல் விரித்திருந்த நாலடிப் படத்தின் மீது அஜ்மல் குனிந்தான். சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டிய ஆறு வருஷத்தில் அவன் எடுத்த பாலைவனப் படங்கள் பதினொன்றை, ஞாயிற்றுக்கிழமை கிரிவலப் பாதையில் ஒரு கூடத்தில் மாட்டப்போகிறார்கள். 'ஆளில்லா மணல்' என்று தலைப்பு. பத்துப் படங்களில் குறையில்லை. இந்த ஒன்றில் மட்டும் மணல்மேட்டின் சரிவில் மிளகளவு கறுப்பு.

"போன வாரம் கடுகாட்டம் இருந்துச்சு," என்றான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சிந்துஜா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "ஃபைல்ல ஒண்ணுமே இல்ல, பாருங்க பாய். மெஷினையும் ரெண்டு வாட்டி கிளீன் பண்ணிட்டேன்."

"கேமராவுல தூசு இருந்திருக்கும்."

"அப்ப ஃபைல்ல தெரியணுமே. எல்லாப் படத்துலயும் அதே இடத்துல நிக்கணும். இது மொத பிரிண்ட்ல மேட்டு உச்சியில இருந்துச்சு. இப்ப பாதி தூரம் இறங்கிடுச்சு. தூசு நகராது பாய்."

"ஃபிசிக்ஸ் படிச்சுட்டு பேய்க்கதை சொல்றியேம்மா."

"பேய்னு நான் சொல்லலியே. நீங்கதான் சொல்றீங்க."

பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸை நீட்டினாள். அஜ்மல் வாங்கிப் பார்த்தான். இரண்டு கால்கள். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. 'போதுமா?' என்று கேட்கிற கை.

கோபி. லாரியில் கூட வந்தவன், கீழ்பென்னாத்தூர்க்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வெயில் சாய்ந்து மேடு முழுக்க நிழல் விழுந்த நேரம், அவன் படத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். தள்ளிப் போகச் சொல்லி அஜ்மல் கையை வீசினான். இன்னும், இன்னும். கோபி உச்சிக்குப் போய், பக்கவாட்டில் விலகி, கையைத் தூக்கிக் கேட்டான். அஜ்மல் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மேட்டுக்கு அப்பால் புழுதி சுவர்போல எழும்பியிருந்தது. வா, வா என்று கையை வீசினான். கத்தினான். காற்று குரலைத் தின்றது. அவ்வளவு தூரத்தில் போ என்று வீசுகிற கையும் வா என்று வீசுகிற கையும் ஒன்றுதான். கோபி தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கினான்.

உடல் கிடைக்கவில்லை. கம்பெனியிலும் ஊரிலும் அஜ்மல் ஒரே பேச்சாகச் சொன்னான்: போகாதேன்னேன், கேக்கல.

"இன்னொரு வாட்டி அடிக்கட்டுமா பாய்?" என்றாள் சிந்துஜா.

"வேணாம்." நாலாவது பிரிண்டில் முகம் தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது. படத்தைச் சுருட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினான்.

கோபியின் அம்மா எல்லம்மாள் வீட்டுக்குள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மடி நிறைய கடலை ஓடு. "வாப்பா அஜ்மலு. வழி தெரிஞ்சுதா?"

சுவரில் கோபியின் படம் இருந்தது. பூ இல்லை. அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள். "வெக்க மாட்டேன். சின்னதுலேர்ந்தே சொல்பேச்சு கேட்டவன் இல்ல. நீ அவ்வளவு சொல்லியும் போனான் பாரு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல."

அஜ்மல் படத்தைத் தரையில் விரித்தான். லென்ஸ் எதுவும் கேட்காமல் அவள் விரல் நேராகப் புள்ளிக்குப் போனது.

"எம் பையன்."

"போகாதேன்னு நான் சொல்லலம்மா. படத்துல விழறான்னு நான்தான் தள்ளிப் போகச் சொன்னேன். அப்புறம் வான்னு கை காட்டினேன். இன்னும் போகச் சொல்றேன்னு நெனச்சுட்டான். நான் காட்டினபடிதான் போனான்."

எல்லம்மாள் மடியிலிருந்த ஓடுகளையெல்லாம் முறத்தில் தள்ளினாள்.

"ரெண்டு வருஷமா அவனைத் திட்டிட்டிருக்கேன்," என்றாள். படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "அவன் சொல்பேச்சு கேட்டிருக்கான்."

அஜ்மல் எழுந்தான்.

"உக்காரு. அவங்கப்பா கொல்லி வேலை முடிஞ்சு வர்ற நேரம். நான் சொல்ல மாட்டேன். அவருகிட்டயும் நீயே சொல்லு."

அவன் உட்கார்ந்தான். படம் விரித்தபடியே கிடந்தது. புள்ளி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.