கோட்டுக்கு இந்தப் பக்கம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து ஓய்வு பெறும் ஒலெட்டாவுக்கு அன்று விருந்து. ஒஹையோ ஆற்றங்கரையில் அவ்வளவு பேரையும் உட்காரவைத்து வயிறாரப் போடும் இடம் சூதாட்ட விடுதி ஒன்றுதான்.

அவள் கணவர் வெர்லின் மகளின் பட்டமளிப்பன்றும் மாமியாரின் அடக்கத்தன்றும் அங்கேதான் சூதாட்ட இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். இன்று அவள் பக்கத்தில் அமர்ந்து, சாப்பாட்டு ஜெபம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"அடையாள அட்டை, சார்," என்றான் வாசல் காவலன்.

வெர்லினின் கை பர்ஸிலேயே நின்றது. காவலன் குரலைத் தணித்தான். "அட்டையை ஸ்கேன் மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி ஏதாவது சொல்லணுமா?"

"என்னை உள்ள விடாதீங்கன்னு மாநிலச் சூதாட்ட ஆபீஸ்ல நானே எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா ஆடுறதுக்குத்தானே தடை? நான் சாப்பிட வந்தேன்."

"சாப்பாட்டுக் கூடமும் அதுல சேர்த்திதான். அட்டையைப் போட்டா நான் போலீஸைக் கூப்பிட்டே ஆகணும். நீங்க இன்னும் தரையில இருக்கிற இந்தக் கோட்டைத் தாண்டல. அப்படியே திரும்பிடுங்க சார்." பிறகு, "எங்கப்பாவும் எழுதிக் குடுத்திருக்கலாம்," என்றான்.

ஒலெட்டா கணவரையே பார்த்தாள். "எப்ப எழுதின?"

"உங்கம்மாவை அடக்கம் பண்ண மறுநாள்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"ஜெபத்தாலேயே நான் சூதை விட்டுட்டேன்னு சர்ச் பூரா சொல்லிட்டிருந்த. அதைக் கெடுக்க மனசு வரல. நீ போ. உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க."

அவள் தனியாக உள்ளே போனாள். கதவு திறந்த கணத்தில் இயந்திரங்களின் மணியோசை வெளியே வழிந்தது. பழைய ஆசை அவரை இழுத்தது. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சொல்ல வேண்டிய ஜெபம் நெஞ்சிலேயே கிடந்தது.

விருந்து முடியும் முன்பே ஒலெட்டா வந்துவிட்டாள். கையில் மூடிய பொட்டலம், இரண்டு முள்கரண்டி. கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"உன் நாற்காலி காலியா இருந்துச்சா. 'உன் ஆளு வழியிலேயே மெஷின்கிட்ட சிக்கிட்டாரா'ன்னு சலவைக்கூடத்துப் பேட்ரிஸ் கேட்டா. மேசையே சிரிச்சுது."

வெர்லின் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்ததை மதித்து வெளியே நின்ற நாளிலும் அந்தச் சூதாடிப் பெயர்தான்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றாள். "அவரே தன்னை வெளிய நிறுத்திக்கிட்டாரு, ஜெபம் மட்டும் போதலன்னு."

"பேட்ரிஸ் என்ன சொன்னா?"

"எந்திரிச்சுப் போய் உனக்கு இதைக் கட்டிக் குடுத்தா. கோழி ஆறிப்போச்சு."

அவள் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, கையை நீட்டினாள். அதைப் பற்றிக்கொண்டு வெர்லின் ஜெபத்தைத் தொடங்கினார்.