விளிம்புக் கட்டங்கள்

திரையில் கணக்குக் கோடு, அளந்த அழுத்தக் கோட்டோடு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவள் அதை நம்பவில்லை.

நிலத்தடிப் பாறை முழுக்கக் கெட்டி இல்லை. சர்க்கரைக் கட்டி போல உள்ளெல்லாம் பொடித் துளைகள். கோடையில் மிஞ்சும் எரிவாயுவை அதில் அழுத்தி வைத்து, குளிர்காலத்தில் வெளியே எடுப்பது அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தொழில். வாயு எங்கே போகிறதென்று இறங்கிப் பார்க்க முடியுமா? அதனால் பாறையைக் கணினியில் ஆயிரக்கணக்கான கட்டங்களாக வெட்டுவாள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்கும்: உன்னிடம் அழுத்தம் குறைவா, நடுவே வழி இருக்கிறதா? இருந்தால் வாயு நகரும். அவ்வளவுதான் கணக்கு. அது ஊர்ந்து பரவுவதைத் திரையில் பார்க்க அவளுக்கு இன்றும் அலுக்காது.

ஆனால் வாயுவை இறக்கும் கிணற்றில் அளந்த அழுத்தம் கணக்கைவிடக் குறைந்துகொண்டே போயிருந்தது. மேலதிகாரி, முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் ‘சமாளி’, கோட்டைப் பொருத்துவதற்காக விளிம்புக் கட்டங்களின் துளை அளவை இருபது மடங்காக்கி வைத்திருந்தார். இல்லாத இடத்தில் வாயுவைக் கொட்டினால் கணக்கிலும் அழுத்தம் குறையத்தானே செய்யும்.

“எல்லாரும் செய்யறதுதாம்மா. கோடு பொருந்துதா, இல்லியா?” பல் குத்திக்கொண்டே கேட்டார்.

“பொருந்துது சார். பாறைதான் அங்க இல்ல.”

விளிம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். பாறையின் குறுக்கே ஓடும் விரிசலைக் கணக்கில் திறந்துவிட்டாள். அது அடைபட்டது என்றே இத்தனை காலமும் கணக்குப் போட்டிருந்தார்கள். கோடு மறுபடி பொருந்தியது. வாயு விரிசல் வழியே மேலேறி, தம்பி குடியிருக்கும் காலனிக்கு அடியில் போய்த் தேங்கியது.

போனை எடுத்தாள். “டேய், உங்க போர்ல தண்ணி எப்படிடா வருது?”

“சோடா மாதிரி பொங்குதுக்கா. ஓசி சோடான்னு உன் மருமக குதிக்கிறா.”

“சிரிக்காதடா. அடுப்பப் பத்த வைக்காத, சுவிட்சத் தொடாத. அவளத் தூக்கிட்டு வெளிய வா. அக்கம்பக்கத்தையும் கூப்பிடு.”

சமாளிக்கு முகம் வெளுத்தது. “ஏம்மா, ரெண்டுந்தான் பொருந்துது! எதுன்னு தெரியாம ஊரக் கெளப்பலாமா?”

“அதான் சார், தெரியாதுல்ல?”

தீயணைப்பு நிலையத்துக்கு முகவரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விரிசலை மூடிவிட்டு, விளிம்பை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

அந்த விசைப்பலகையை இனித் தொடவே கூசியது. வாயு தேங்கிய கட்டங்களுக்கு மேலே எந்தெந்தத் தெருக்கள் என்று அவளுக்குத் தெரியும். தீயணைப்பு வண்டி வருவதற்குள் அங்கே நிற்க வேண்டும். படியிறங்கி ஓடினாள்.